முகத்தைப் பார்க்காதே, கையைப் பார்

போராட்டம் என்றால் பெண்களை முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். அதைப் பார்த்ததும் எங்கள் அதிகாரிகள் பெண் போலீஸை முன்னால் அனுப்புவார்கள். அந்தப் பக்கத்துக் கணக்கு, பொம்பளை மேல கை வைக்க மாட்டாங்க என்பது. இந்தப் பக்கத்துக் கணக்கு, பொம்பளை போலீஸ் கை வச்சா அது பெரிசா வெளியே வராது என்பது. இரண்டுக்கும் நடுவில் கயிறு பிடித்து நின்றவர்களில் நானும் ஒருத்தி. இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, சிறப்பு எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவள். போடி, தேவாரம், பொட்டிபுரம், முந்தல் என்று தேனி மாவட்ட மலையடிவாரத்தைச் சுற்றியே சர்வீஸ் முடிந்தது.

பத்திரிகையில் 'குண்டுக்கட்டாகத் தூக்கிச் சென்றனர்' என்று ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். அந்த ஒரு வரிக்குள் இருக்கிற வேலையை யாரும் விவரமாகச் சொல்லித் தந்ததில்லை. மூத்த ஏட்டம்மா ஒருவரைப் பார்த்துப் பார்த்துக் கற்றேன். முதலில் அவர்கள் உயரத்துக்குக் குத்தவைத்து உட்கார வேண்டும். நின்றுகொண்டு குனிந்து பேசினால் மிரட்டலாகத்தான் கேட்கும். "தாயி, இப்ப தூக்கப் போறோம். முந்தானையை இழுத்து இறுக்கிச் செருகிக்கங்க" என்று சொல்லிவிட்டு, செருகி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்த அரை நிமிஷத்தில் பாதிப் பேர் தாமாகவே எழுந்துவிடுவார்கள். எழாதவரைத் தூக்க நாலு பேர் வேண்டும். இரண்டு பேர் அக்குளுக்குக் கீழே முன்கையைக் கொடுக்க, இரண்டு பேர் முழங்காலுக்குக் கீழே பிடிக்க வேண்டும். மணிக்கட்டை மட்டும் பிடித்து இழுத்தால் தோள்பட்டை விலகும், கண்ணாடி வளையல் உடைந்து அவர் கையையும் நம் கையையும் கிழிக்கும். முடியைத் தொடவே கூடாது. ஐந்தாவதாக ஒருத்தி துண்டோடு கூடவே நடக்க வேண்டும். ஏலத்தோட்டத்தில் நாளெல்லாம் குனிந்து காய் எடுக்கிற பெண்களுக்கு இடுப்பும் தோளும் முன்பே போயிருக்கும். வேனில் ஏற்றும்போது அவர்கள் போடுகிற சத்தம் எல்லாம் அரசியல் இல்லை. பாதி வலி.

இவ்வளவு பக்குவமும் பெண்ணுக்கு மட்டும்தான். பக்கத்திலேயே ஓர் ஆணைத் தூக்கும்போது சட்டைக் காலரைப் பிடிப்பார்கள், கைலியைக் கொத்தாகப் பிடிப்பார்கள், பிடரியில் ஒன்று வைப்பார்கள். அவனுக்கும் அதே தோள்பட்டைதான். 'ஆம்பளைதானே, தாங்குவான்' என்கிற நினைப்பு லத்திக்கு முன்னாலேயே கிளம்பிவிடுகிறது.

சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிற பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 43-வது பிரிவு, பெண்ணைக் கைது செய்ய ஆண் போலீஸ் பொதுவாக அவளைத் தொடக்கூடாது என்கிறது. விதிவிலக்கான சூழல் இல்லாவிட்டால் சூரியன் மறைந்தபின் கைது கூடாது, அப்படிச் செய்ய நேர்ந்தால் பெண் போலீஸ்தான் செய்ய வேண்டும், அதற்கும் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேண்டும். இதெல்லாம் பழைய குற்ற நடைமுறைச் சட்டத்திலேயே வந்துவிட்ட பாதுகாப்புகள். ஏன் வந்தன என்று கேட்கிறவர்கள் வாச்சாத்தியை நினைத்துக்கொள்ளலாம். 1992 ஜூனில் சந்தனமரக் கடத்தலைப் பிடிக்கப் போன வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் 18 பழங்குடிப் பெண்களை நாசம் செய்தார்கள். தர்மபுரி நீதிமன்றம் 2011-ல் தண்டித்தது. உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தபோது 2023 ஆகிவிட்டது. ஆனால் அதே சன்ஹிதாவில் 46-வது பிரிவு ஒன்றும் இருக்கிறது. தப்பிக்காமல் தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் யாரையும் கட்டுப்படுத்தக் கூடாது என்கிறது. அதில் ஆண், பெண் என்ற பேச்சே இல்லை. 43 எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். 46-ஐச் சொல்லச் சொன்னால் முழிப்போம்.

முந்தல் செக்போஸ்ட்டில் இந்தப் பாகுபாட்டின் மறுபக்கம் தெரியும். விடியுமுன் மலைக்குப் போகிற தோட்ட ஜீப்புகளில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். கஞ்சா கடத்துகிறவனுக்கு அது தெரியும். போதைப்பொருள் சட்டத்தின் 50-வது பிரிவுப்படி பெண்ணைப் பெண்தான் சோதிக்க முடியும், அந்த நேரத்தில் பெண் போலீஸ் இருப்பது அபூர்வம் என்பதும் தெரியும். ஆண் காவலர்கள் டிரைவரையும் பின்னால் தொங்குகிற பையன்களையும் இறக்கி, ஜட்டி வரைக்கும் பார்ப்பார்கள். மடியில் பையோடு இருக்கிற அக்காவை, "நீங்க போங்கம்மா" என்று விட்டுவிடுவார்கள். அந்த மரியாதையில் பாதி சோம்பல். முகத்தைப் பார்க்காதே, கையைப் பார் என்று புதிதாக வருகிற பிள்ளைகளிடம் சொல்வேன். பையை எந்தக் கை இறுக்குகிறது, எந்தக் கை இடுப்புக்குப் போகிறது, எது வெறுமனே நடுங்குகிறது. அடிக்க வருகிறவர் ஆணா பெண்ணா என்பது கைக்குத் தெரியாது. அரிவாள்மணையோடு வந்த மாமியாரைத் தடுத்திருக்கிறேன். ஆறடி ஆள் கை கூப்பி அழுததையும் பார்த்திருக்கிறேன்.

மகளிர் ஸ்டேஷனைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். 1973-ல் தமிழகக் காவல்துறைக்குப் பெண்கள் வந்தார்கள். 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. புருஷனிடம் அடிபட்டவள் கூச்சமில்லாமல் வந்து உட்கார ஓர் இடம் கிடைத்தது, பெரிய காரியம். ஆனால் அங்கே ஒரு பழக்கமும் வளர்ந்தது. நான் இருந்த ஒரு நிலையத்தில், விசாரணைக்கு வருகிற புருஷனுக்கு எல்லோர் முன்னாலும் கன்னத்தில் இரண்டு விழும். பெண் வீட்டார் சிரிப்பார்கள். பொம்பளை கையால் வாங்கியது என்பதால் அவன் வெளியே சொல்ல மாட்டான் என்பதுதான் துணிச்சல். அவன் எங்களிடம் வாங்கியதை வீட்டில் போய் யாரிடம் கழிப்பான்? அந்தப் பெண்ணே சில வாரத்தில் திரும்பி வருவாள், இந்தத் தடவை கையில் கட்டோடு. எங்கள் அடியை நாங்கள் அடி என்றே எண்ணவில்லை.

2017 ஏப்ரலில் திருப்பூர் சாமளாபுரத்தில் டாஸ்மாக் கடைக்கு எதிராக நின்ற பெண்ணை ஒரு கூடுதல் எஸ்.பி. கன்னத்தில் அறைந்தார். வீடியோ நாடெங்கும் ஓடியது. 'ஒரு பெண்ணை அடிக்கலாமா' என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதே இடத்தில் ஆண்கள் மேலும் லத்தி விழுந்தது. அதை அதிகம் பேர் கேட்கவில்லை. கேள்வி 'அங்கே அடிக்க என்ன தேவை இருந்தது' என்று இருந்திருந்தால் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

பெண் போலீஸ் என்றால் மென்மை என்பதும் அதே கணக்கின் இன்னொரு வரி. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தை ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும் ஸ்டேஷனில் வைத்து அடித்தார்கள். இருவரும் இறந்தார்கள். விசாரணைக்கு வந்த மாஜிஸ்திரேட்டிடம் நடந்ததைச் சொன்னவர் தலைமைக் காவலர் ரேவதி. 'பெண் மனசு, இளகிவிட்டது' என்று பேசினார்கள். இளகிய மனசு அழும், வீட்டுக்குப் போகும். தன் மேலதிகாரிகள் இருக்கிற ஸ்டேஷனுக்குள்ளேயே சாட்சி சொல்ல எலும்பில் வேறு ஏதோ வேண்டும். அந்த ராத்திரி டியூட்டியில் இருந்த ஆண்களிடம் ஏன் அது இல்லை என்று எவரும் கேட்டுப் பார்க்கவில்லை.

திருநங்கைகள் விஷயத்தில் இரு பக்கத்து மரியாதையும் கிடையாது. பெண் போலீஸ் தொடத் தயங்குவாள், ஆண் போலீஸ் கேலியோடு தொடுவான். உயர்நீதிமன்றம் சொன்னபின் 2022-ல் காவலர் நடத்தை விதிகளிலேயே அவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று சேர்த்தார்கள். திருநங்கையான பிரித்திகா யாஷினி 2017-ல் எஸ்.ஐ. ஆனது அந்த விதியைவிட ஸ்டேஷன்களில் அதிகம் வேலை செய்தது என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்றும் மலையிலிருந்து கற்றது. கூட்டமாகப் பெண்கள் வந்தால் அதிகாரிகளின் முதல் கேள்வி, "உங்களைக் கூட்டிட்டு வந்தது யாரு? அந்த ஆளை வரச் சொல்லு" என்பதாகவே இருக்கும். 2015 செப்டம்பரில் போடிமெட்டுக்கு அப்பால் மூணாறில் ஆயிரக்கணக்கான தமிழ்த் தோட்டப் பெண்கள் போனஸ் கேட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். பொம்பிளை ஒருமை என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். தொழிற்சங்கத்து ஆண் தலைவர்களை அவர்களே விரட்டினார்கள். ஒன்பது நாள். வரச் சொல்ல அங்கே ஓர் ஆளும் இல்லை. அவர்களோடுதான் பேச வேண்டியிருந்தது, பேசியபோது முடிந்தது. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்து பந்தோபஸ்துகளில் நான் ஆளைத் தேடுவதை விட்டேன். முன்வரிசையில் அதிகம் பேசாமல் இருக்கிற வயதானவரிடம் போய் உட்காருவேன். பெரும்பாலும் முடிவு அவரிடம்தான் இருக்கும்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இப்போது எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் ஒரு பெண்ணைத் தூக்கும்போது விலகுகிற சேலையைப் படம் எடுக்காதீர்கள். எங்கள் கைகளை எடுங்கள். பக்கத்தில் ஓர் ஆணைத் தூக்குகிறார்களே, அந்தக் கைகளையும் எடுங்கள்.