பஞ்சிகாவத்தையில் ஒரு பகல்

கொழும்பு மாநகருக்குச் செல்வோர் காலிமுகத்திடலைக் காண்பர், நூதனசாலையைக் காண்பர், பிள்ளைகள் உடனிருப்பின் தெகிவளை மிருகக்காட்சிச்சாலைக்கும் செல்வர். பஞ்சிகாவத்தையைக் காணவென்று எவரும் புறப்படுவதில்லை. வாகனத்தின் உறுப்பொன்று பழுதாகி, அது வேறெங்கும் கிடையாதென்று ஆன பின்னரே அவ்விடத்தின் பெயர் நினைவுக்கு வரும். நாமும் அவ்வாறுதான் சென்றோம். தேடிச் சென்ற பொருள், ஒரு பழைய லொறிக்கு எண்ணெய்த் தாங்கி.

லொறி எமதன்று, யாழ்ப்பாணத்தில் எமது அயல்வீட்டு அண்ணையுடையது. இங்கிலாந்தின் வொக்ஸ்ஹோல் நிறுவனம் 1931ஆம் ஆண்டில் பெட்போர்ட் என்னும் பெயரில் லொறிகளைச் செய்யத் தொடங்கிற்று. அவற்றுள் 'ஜே' வகை 1958இல் வெளிவந்தது. அண்ணையின் தந்தையார் 1960களில் வாங்கிய அத்தகைய வண்டியொன்று இன்றும் கல்லும் மணலும் சுமந்து ஒரு குடும்பத்துக்குச் சோறு போடுகிறது. அதன் தாங்கி அடியில் துருவேறிக் கசியலாயிற்று. சவர்க்காரக் கட்டியால் அடைத்துச் சில நாள் ஓட்டினார். பின்னர் துளைகள் பெருகின.

தாங்கியைப் பெரும்பாலும் அழிப்பது உள்ளிருக்கும் துருவே. பாதி நிறைந்த தாங்கியில் மீதியிடம் காற்றுக்கு உரியது. இரவில் தகடு குளிரும்போது அக்காற்றின் ஈரம் உட்சுவரில் நீராகப் படிகிறது. நீர் டீசலிலும் கனமானது. ஆதலால் அடியிற் சென்று தங்கி, அடித்தகட்டை மெல்ல மெல்ல அரிக்கிறது.

"ஒட்டுவித்தால் என்ன?" என்று நாம் கேட்டோம்.

"தம்பி, நிறைஞ்ச தாங்கியிலும் பாக்க வெறுந் தாங்கிதான் பொல்லாதது" என்றார் அண்ணை.

அது மெய்யே. துருவிலும் தகட்டுப் பொருத்துகளிலும் ஊறியிருக்கும் டீசல், ஒட்டும் வெப்பத்தில் ஆவியாகி உள்ளிருக்கும் காற்றுடன் கலந்தால், ஒரு பொறியில் தாங்கி வெடிகுண்டாகிவிடும். நாகம் பூசிய தகட்டில் புதிதாகச் செய்விக்கலாம் என்றனர் சிலர். நாகமோ டீசலுடன் நாட்பட இருந்தால் பசைபோன்ற படிவுகளை உண்டாக்கி வடிகட்டியை அடைத்துவிடும். ஆகவே அவ்வண்டிக்கென்றே செய்யப்பட்ட தாங்கியொன்றைத் தேடுவதென்று முடிவாயிற்று.

அண்ணை நூலில் முடிச்சிட்டு அளவெடுத்துக்கொண்டார். நீளம் 30 அங்குலம். அகலமும் உயரமும் 15 அங்குலம். ஒரு கலன் ஏறத்தாழ 277 கன அங்குலமாதலால், இது 24 கலன், அதாவது 110 லீற்றர் கொள்ளும் என்று புகைவண்டியிலே கணக்கிட்டுப் பார்த்தோம். விடியற்காலையில் மருதானையில் இறங்கினோம்.

அங்கிருந்து நடந்து செல்லும் தூரத்திலேயே பஞ்சிகாவத்தை இருக்கிறது. 1911இல் திறக்கப்பெற்ற டவர் மண்டபம் என்னும் நாடக அரங்கு இப்பகுதியிலேதான் உள்ளது. நாடகம் பார்க்க மக்கள் திரண்ட வீதியில் இன்று வாகனங்களின் உறுப்புகள் திரண்டு கிடக்கின்றன. கதவுகள் ஏடுகளைப்போல் அடுக்கப்பட்டுள்ளன. முன்விளக்குகள் கூரையிலிருந்து தொங்குகின்றன. பற்சக்கரங்கள் எண்ணெயில் ஊறுகின்றன. 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுக்கப்பட்டிருந்த காலத்தில், பழையதைப் பேணுவது இந்நாட்டவருக்குக் கட்டாயக் கல்வியாயிற்று. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது அக்கல்வி மீண்டும் உதவிற்று.

முதற்கடையில் கறுப்பு வர்ணம் மின்னும் தாங்கியொன்று காட்டினர். அளவும் சரி, விலையும் மலிவு. நாம் மகிழ்ந்தோம். அண்ணை மேற்புறத்தைப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார். அது பெற்றோல் இயந்திரத்துக்குரிய தாங்கி. எண்ணெய் வெளியேற ஒரு குழாய் மட்டுமே இருந்தது. டீசல் இயந்திரத்திலோ, தெளிப்பான்களில் மிஞ்சும் எண்ணெய் திரும்பிவர இன்னொரு வழியும் வேண்டும். அடுத்த கடையில் இருந்தது 6 அங்குலம் நீளங் கூடியது. சட்டத்தில் அதற்கு இடமில்லை.

மூன்றாவது கடை ஓர் ஒழுங்கையில் இருந்தது. கடைக்காரர் ஐம்பது வயதைக் கடந்த இஸ்லாமியர். அங்கே இரண்டு தாங்கிகள் பொருந்தின. ஒன்று புதுவர்ணம் பூசியது. மற்றது புழுதி படிந்தது. எமது கை வர்ணம் பூசியதன்மேல் சென்றது.

"அதை எடுக்காதீங்கோ. உள்ளுக்குத் துரு. என்ரை சாமான்தான், ஆனா லொறிக்குச் சரிவராது" என்றார் அவர்.

அண்ணை புழுதித் தாங்கியைச் சோதித்தார். கைவிளக்கை மட்டும் கொண்டு உள்ளே பார்த்தார். துணி சுற்றிய கம்பால் அடியைத் துடைத்தெடுத்தார். துணியில் கருமை இருந்தது, செம்மை இல்லை. தாங்கியை உருட்டிக் காதைக் கொடுத்தார். எண்ணெய் அலைமோதாதபடி உள்ளே வைத்த தடுப்புத் தகடுகள் கழன்றிருந்தால் ஓசை கேட்கும். ஓசையில்லை. பின்னர் நீர் நிறைத்து, தகட்டின் பொருத்துகளில் விரலை ஓடவிட்டார். விரல் காய்ந்தே இருந்தது.

தேநீர் வந்தது. "நீங்க யாழ்ப்பாணமோ?" என்று கேட்டார் கடைக்காரர். ஆமென்றோம். "நானும்தான். ஐந்துசந்தியடியிலை வாப்பாவுக்குப் பழைய இரும்புக் கடை. பெட்போர்ட் சாமான் எண்டா கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவன்" என்றார். சிறிது பொறுத்து, "இந்தக் கிழட்டு லொறிக்கு ஏன் இவ்வளவு செலவு? இரும்பு விலைக்குக் குடுக்கலாமே" என்றும் கேட்டார்.

அண்ணை பேசவில்லை. நாம் சொன்னோம். 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாம மக்கள் இடம்பெயர்ந்த இரவில், கொட்டும் மழையில், அண்ணை பூவரசங் கம்பைத் தாங்கிக்குள் விட்டுப் பார்த்து, "சாவகச்சேரிக்குக் காணும், ஏறுங்கோ" என்றார். சிறுவனாயிருந்த நாமும் அந்த லொறியிலே ஏறித்தான் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தோம்.

கடைக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். "எங்களுக்கும் ஒக்டோபர் 30தான். அது 1990" என்று மட்டும் சொன்னார்.

அதன் பொருள் விளங்க எமக்குக் கணநேரம் சென்றது. வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, யாழ்ப்பாண நகரத்தவர்க்குக் கிடைத்த அவகாசம் சில மணி நேரமே. எமது துயரத்தின் திகதியை ஆண்டுதோறும் மாணவருக்குச் சொல்லிவந்துள்ளோம். அதே திகதியில், ஐந்து ஆண்டுகளுக்கு முன் அயலார் நடந்து போனதை ஒருநாளும் சொன்னதில்லை.

அண்ணை தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். "அண்டைக்கு என்ரை லொறி வீட்டிலைதான் நிண்டது, நானா" என்றார்.

"நீங்க வந்திருந்தாலும் ஏத்த விட்டிருக்க மாட்டாங்கள், அண்ணை."

"கேட்டாவது பாத்திருக்கலாம்."

அதன்பின் இருவரும் பேசவில்லை. விலை 22,000 ரூபா என்றார் கடைக்காரர். பத்து ரூபாப் பொருளுக்கும் பேரம் பேசும் அண்ணை, அன்று ஒரு சொல்லும் சொல்லாது எண்ணிக் கொடுத்தார். புறப்படும்போது, "ஊருக்கு வந்தால் சொல்லுங்கோ. ஸ்டேசனுக்கு லொறியோடை வாறன்" என்றார். கடைக்காரர் சிரித்து, தாங்கியின் வாயைத் துணியால் அடைத்துக் கட்டித் தந்தார்.

தாங்கி சரக்கு லொறியொன்றில் ஊர் வந்து சேர்ந்தது. பட்டிகளின் கீழே இறப்பர் வைத்துப் பூட்டியாயிற்று. ஒரு துளியும் கசியவில்லை. மாலைதோறும் அண்ணை அதை வாய்வரை நிறைத்தே விடுகிறார். உள்ளே காற்றுக்கு இடமில்லையேல் நீருக்கும் இடமில்லை. கடைக்காரரிடமிருந்து இன்னும் செய்தி வரவில்லை. லொறி ஆயத்தமாக நிற்கிறது.