சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு மண்டபம்

லண்டன்

அன்புத் தோழிக்கு,

நீ சென்ற கடிதத்தில் கேட்டிருந்த கேள்வியோடுதான் வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்குள் போனேன். பாளையங்கோட்டையில் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவள் நீ. இங்கிலாந்துத் திருச்சபையின் ஜெப முறைகள் உன் தாத்தா காலத்திலிருந்தே உங்கள் வீட்டில் புழங்கியவை. "அடுத்த ராஜாவுக்கு முடி சூட்டும்போது எங்கள் ஜெபம் அங்கே மிஞ்சுமா? இல்லை, எல்லாரையும் திருப்திப்படுத்துகிற ஒரு நிகழ்ச்சியாக அது மாறிவிடுமா?" என்று எழுதியிருந்தாய். ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. பார்த்ததையும் யோசித்ததையும் எழுதுகிறேன்.

முதலில் நாற்காலியைப் பார்த்தேன். மேற்கு வாசலை ஒட்டிய புனித ஜார்ஜ் சிற்றாலயத்தில் தடுப்புக்குப் பின்னால் இருக்கிறது. முதலாம் எட்வர்ட் 1300ஆம் ஆண்டையொட்டிச் செய்வித்த ஓக் மர நாற்காலி. பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளும் பார்க்க வந்தவர்களும் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அதில் தங்கள் பெயர்களைக் கத்தியால் கீறி வைத்திருக்கிறார்கள். உட்காரும் பலகைக்குக் கீழே வெற்றிடம். ஸ்காட்லாந்து மன்னர்கள் முடிசூடப் பயன்படுத்திய ஸ்கோன் கல்லை 1296இல் எட்வர்ட் பறித்து வந்தார். அதை வைக்கத்தான் இந்த நாற்காலியே செய்யப்பட்டது. எழுநூறு ஆண்டு கழித்து, 1996இல், கல் ஸ்காட்லாந்துக்கே திரும்பிப் போனது. 2023 மே 6ஆம் தேதி மூன்றாம் சார்லஸுக்கு முடிசூட்டியபோது எடின்பரோவிலிருந்து அதை வரவழைத்து, விழா முடிந்ததும் திருப்பி அனுப்பினார்கள். இப்போது பெர்த் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வென்றவன் கவர்ந்து வந்த பொருளை இன்று அவன் வழிவந்தவர்கள் இரவலாக வாங்கிப் பத்திரமாகத் திருப்பிக் கொடுக்கிறார்கள். இந்த விழா எந்தத் திசையில் நகர்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்கு இங்கே கிடைக்கவில்லை.

1953 ஜூன் 2 அன்று இரண்டாம் எலிசபெத் முடிசூடியபோது அபேக்குள் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். ஆராதனை ஏறத்தாழ மூன்று மணி நேரம். மகனுக்கு நடந்தபோது சுமார் 2,200 பேர், இரண்டு மணி நேரம். கூட்டமும் நேரமும் சுருங்கின. உள்ளே இடம் பெற்றவர்களின் வட்டமோ பெரிதாகிவிட்டது. 1953இல் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் தலைவர் வேதாகமத்தை எடுத்துக் கொடுத்ததே புதுமை. 2023இல் கொலோசெயர் நிருபத்தை வாசித்தவர் பிரதமர் ரிஷி சுனக், ஓர் இந்து. மன்னருக்குரிய மோதிரத்தைக் கொண்டுவந்தவர் நரேந்திர படேல் பிரபு. கையுறையை ஒரு சீக்கியரும், காப்புகளை ஒரு முஸ்லிமும் கொண்டுவந்தார்கள். அரச அங்கியைக் கொண்டுவந்தவர்களில் ஒரு யூதப் பெண்மணி இருந்தார். கத்தோலிக்கக் கர்தினால் வின்சென்ட் நிக்கல்ஸ் ஆசி கூறினார். சீர்திருத்தத்துக்குப் பிறகு எந்த முடிசூட்டிலும் நடக்காத காரியம் அது. பெண் பேராயர்கள் முதன்முறையாகப் பங்கெடுத்தார்கள். வெல்ஷ் மொழியில் ஒரு மன்றாட்டு ஒலித்தது. கறுப்பினத்தவர் வளர்த்தெடுத்த காஸ்பல் இசையில் ஒரு குழு அல்லேலூயா பாடியது.

இவற்றிலெல்லாம் என் மனத்தில் நின்றது ஒரு சிறு ஏற்பாடு. அன்று சனிக்கிழமை. யூதர்களின் ஓய்வுநாளில் தலைமை ரபி எப்ரெயிம் மிர்விஸ் வண்டியேற மாட்டார். ஆகவே முந்தைய இரவே அரச மாளிகையில் தங்கும்படி மன்னர் அவரை அழைத்தார். காலையில் அங்கிருந்து நடந்தே அபேக்கு வந்துவிட்டார். ஆராதனை முடிந்து மன்னர் வெளியேறும் நேரத்தில் யூத, இந்து, சீக்கிய, முஸ்லிம், பௌத்தப் பிரதிநிதிகள் ஒரே குரலில் வாழ்த்துக் கூறினார்கள். ஓய்வுநாளில் ஒலிபெருக்கியையும் பயன்படுத்தக் கூடாது என்பதால் அந்த வாழ்த்து ஒலிபெருக்கி இல்லாமலே சொல்லப்பட்டது. உலகம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு விழாவில், ஒருவருடைய நியமத்துக்காக, உலகத்துக்குச் சரியாகக் கேட்காமல் போனாலும் பரவாயில்லை என்று விட்டிருக்கிறார்கள். மரியாதை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. உன் சபையின் ஜெபத்தில் ஒரு சொல்லையும் எடுக்காமல் இன்னொருவருக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள் பார்.

ஆனால் நடுவில் இருக்கிற முடிச்சு அவிழவில்லை. முடிசூடுமுன் மன்னர் சொல்லும் உறுதிமொழி 1688ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேரூன்றியது. சட்டப்படி ஆள்வேன், இரக்கத்தோடு நீதி வழங்குவேன் என்பவை முதல் இரண்டு வாக்குகள். மூன்றாவது, சட்டத்தால் நிறுவப்பட்ட புராட்டஸ்டண்ட் சீர்திருத்தச் சமயத்தைக் காப்பேன் என்பது. 2023இல் அப்போதைய கான்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி அதற்கு ஒரு முன்னுரை சேர்த்தார். எல்லா மதத்தவரும் எந்த நம்பிக்கை கொண்டவரும் சுதந்திரமாக வாழும் சூழலை வளர்க்கத் திருச்சபை முயலும் என்பது அதன் சாரம். நல்ல வார்த்தைகள்தாம். ஆனால் அவை மன்னரின் வாயில் வந்த வாக்கு அல்ல. உறுதிமொழியைத் திருத்தத் துணியாதபோது அதற்கு முன்னால் வைத்த மெத்தை என்றுதான் சொல்வேன். மன்னர் தாமே வாய்விட்டு ஜெபித்தபோது எல்லா நம்பிக்கையினருக்கும் தான் ஆசீர்வாதமாக இருக்க வேண்டும் என்று வேண்டினார். அது ஜெபம். உறுதிமொழி வேறு.

1701ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டப்படி ஒரு கத்தோலிக்கர் அரியணை ஏற முடியாது. மன்னர் இங்கிலாந்துத் திருச்சபையின் ஐக்கியத்தில் இருந்தே ஆக வேண்டும். கத்தோலிக்கரை மணந்தவர் வாரிசுரிமையை இழக்க வேண்டியதில்லை என்று 2013இல்தான் சட்டம் இயற்றினார்கள். 2025 அக்டோபரில் சார்லஸ் வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் போப் பதினான்காம் லியோவுடன் சேர்ந்து ஜெபித்தார். ஆனால் அவருடைய பேரன் ஒருவேளை கத்தோலிக்கச் சபையில் சேர விரும்பினால் முடியை விட்டுவிட வேண்டும். ஓர் இந்து பிரதமராக இருந்துவிட்ட நாட்டில் இந்த விலக்கு இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தங்களைக் கிறிஸ்தவர் என்று குறித்தவர்கள் 46.2 விழுக்காடு. பத்தாண்டுக்கு முன் 59.3 ஆக இருந்தது. பாதிக்குக் கீழே வந்தது இதுவே முதல்முறை. மதம் எதுவும் இல்லை என்றவர்கள் 37.2 விழுக்காடு, அதாவது இரண்டு கோடியே இருபது லட்சத்துக்கு மேல். முஸ்லிம்கள் 6.5, இந்துக்கள் 1.7. அத்தோடு, அயர்லாந்தில் 1871இலும் வேல்ஸில் 1920இலும் ஆங்கிலிக்கன் திருச்சபை அரசுத் திருச்சபை என்ற நிலையை இழந்துவிட்டது. எந்த மதமும் இல்லாத இந்தப் பெருங்கூட்டத்துக்கு 2023 ஆராதனையில் தனியாக ஒரு பங்கும் இருக்கவில்லை. அவர்களும் அந்த மன்னரின் குடிமக்கள்தானே? எனக்கு இது மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய குறையாகத் தோன்றுகிறது.

விழா தொன்றுதொட்டு மாறாமல் வருகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதே. 1559இல் முதலாம் எலிசபெத்துக்கு முடிசூட்டப் பேராயர்கள் தயங்கினார்கள். கடைசியில் கார்லைல் பேராயர் ஓகில்தோர்ப் முன்வந்தார். கத்தோலிக்கரான இரண்டாம் ஜேம்ஸுக்கு 1685இல் திருவிருந்தே நடக்கவில்லை. 1689இல் வில்லியமுக்கும் மேரிக்கும் முடிசூட்டக் கான்டர்பரி பேராயர் சான்கிராஃப்ட் மறுத்துவிட்டார். லண்டன் பேராயர் காம்ப்டன் செய்துவைத்தார். அந்த அவசரத்தில் பிறந்ததுதான் இன்றும் தொட அஞ்சுகிற அந்த மூன்றாவது வாக்கு. 1714இல் முதலாம் ஜார்ஜுக்கு ஆங்கிலம் சரியாக வராததால் பெரும்பகுதி லத்தீனில் போயிற்று. நெருக்கடி வந்தபோதெல்லாம் மாற்றியிருக்கிறார்கள். இந்த முறை நெருக்கடிக்குக் காத்திராமல் மாற்ற முடியுமா என்பதே என் கேள்வி.

மறுநாள் ஆர்ச்வே சாலையில் இருக்கும் ஹைகேட் முருகன் கோயிலுக்குப் போனேன். 2002இல் தன் பொன்விழா ஆண்டில் எலிசபெத் ராணி வந்த கோயில் அது. யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவரிடம் அதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். "அவ 53இல முடிசூடேக்க எங்களுக்கும் ராணிதான், தெரியுமோ?" என்றார். உண்மைதான். 1953 உறுதிமொழியில் பாகிஸ்தானோடு இலங்கையும் பெயர் சொல்லப்பட்டது. அந்த மக்களை அவரவர் சட்டப்படியும் வழக்கப்படியும் ஆள்வேன் என்று ராணி வாக்குக் கொடுத்தார். 2023 உறுதிமொழியில் பிரிட்டனுக்கு வெளியே எந்த நாட்டின் பெயரும் தனியாக வரவில்லை. அன்று தொலைவில் இருந்த குடிகள் இன்று அரண்மனையிலிருந்து ரயிலில் போகும் தூரத்தில் கோயில் கட்டி வாழ்கிறார்கள். அடுத்த விழாவில் தன் சாமிக்கும் ஒரு மந்திரம் சொல்ல வேண்டுமா என்று பெரியவரிடம் கேட்டேன். "அது அவையின்ர கோயில். அங்க எங்கட மந்திரம் எதுக்கு? எங்களையும் மனுசராக் கணக்கெடுத்தால் போதும்" என்றார். உன் கேள்விக்கு நான் தேடிய பதிலில் பாதியை அவரே சொல்லிவிட்டார்.

மற்ற ஐரோப்பிய அரசுகள் இதை வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டன. ஸ்பெயினில் 2014இல் ஆறாம் ஃபெலிப்பே நாடாளுமன்றத்தில் உறுதிமொழி எடுத்தார், திருப்பலி கிடையாது. டென்மார்க்கில் 2024 ஜனவரியில் பத்தாம் ஃபிரெடெரிக்கை அரண்மனை மாடத்தில் பிரதமர் அறிவித்ததோடு சரி. இன்னமும் அபிஷேகம் செய்து முடிசூட்டும் ஐரோப்பிய நாடு பிரிட்டன் ஒன்றே. மாடத்து அறிவிப்பு நேர்மையானதுதான், ஆனால் நான் அதை விரும்பவில்லை. எருசலேமின் ஒலிவ மலையில் விளைந்த ஒலிவக் காய்களிலிருந்து எடுத்த தைலத்தை, யாரும் பார்க்காதபடி திரை மறைத்து, ஒரு மனிதன் தலையிலும் மார்பிலும் கையிலும் பூசுவதில் கனம் இருக்கிறது. எல்லாம் கேமராவுக்கு முன் நடக்கும் காலத்தில் அதைமட்டும் மறைத்தார்கள். அதை இழக்கக் கூடாது.

அபேயிலிருந்து சாலையைக் கடந்தால் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம். 1097இல் வில்லியம் ரூஃபஸ் கட்டியது. இரண்டாம் ரிச்சர்ட் காலத்து மரக்கூரை அண்ணாந்து பார்க்கவைக்கிறது. முற்காலத்தில் முடிசூடும் நாளின் சடங்கு அபேயில் தொடங்கவில்லை. மன்னரை முதலில் இந்த மண்டபத்தில் இருந்த பளிங்கு இருக்கையில் அமர்த்தி, பிறகுதான் அபேக்கு நடத்திச் சென்றார்கள். செலவைக் குறைக்க 1831இல் நான்காம் வில்லியம் மண்டப ஊர்வலத்தையும் விருந்தையும் கைவிட்டார். 2022 செப்டம்பரில் ராணியின் உடல் இங்கேதான் வைக்கப்பட்டிருந்தது. சுமார் இரண்டரை லட்சம் பேர் வரிசையில் நின்று வந்து கடந்து போனார்கள். சிலர் சிலுவைக்குறி இட்டார்கள், சிலர் கைகூப்பினார்கள், சிலர் சல்யூட் அடித்தார்கள், சிலர் சும்மா நின்றுவிட்டு நகர்ந்தார்கள். யார் என்ன மதம் என்று யாரும் கேட்கவில்லை. யாரும் யாருக்காகவும் ஒதுங்கவில்லை.

அந்த மண்டபத்தில் நின்றபோது எனக்குத் தெளிவானது இது: அடுத்த முடிசூட்டை இரண்டு இடத்தில் செய்ய வேண்டும். முதல் இரண்டு வாக்குகளையும் மன்னர் இந்த மண்டபத்தில், தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் முன்னும் எல்லா மதத்தவர், மதமற்றவர் முன்னும் சொல்லட்டும். 2023இல் மக்களையும் அரசருக்கு விசுவாசம் கூறும்படி அழைத்தபோது எவ்வளவு எதிர்ப்பு வந்தது என்று உனக்கு நினைவிருக்கும். இங்கே முதலில் வாக்குக் கொடுப்பவர் மன்னராக இருப்பார். அதன் பிறகு சாலையைக் கடந்து அபேக்குப் போகட்டும். அங்கே அபிஷேகம், முடி, திருவிருந்து எல்லாம் உங்கள் ஜெபத்தோடு முழுமையாக நடக்கட்டும். மூன்றாவது வாக்கு மட்டும், ஆள்பவர் ஒரு சமயத்துக்குக் காவல் நிற்பதாக இல்லாமல், ஒரு விசுவாசி தன் தேவனுக்குக் கொடுக்கும் வாக்காக மாற வேண்டும். வேறு யாருக்கும் பதில் சொல்ல வேண்டியில்லாத இடத்தில் உன் சபையின் ஜெபம் இன்னும் வலுவாக ஒலிக்கும் என்றே நினைக்கிறேன். மற்ற மதத்தவரும் மோதிரமும் காப்பும் கொண்டுவருகிற விருந்தினராக இல்லாமல், மண்டபத்தில் உரிமையோடு நிற்பார்கள்.

எதிர்வாதம் எனக்குத் தெரியாமலில்லை. திருச்சபையையும் அரசையும் கொஞ்சம் பிரித்தால் பிறகு முழுவதும் பிரித்துவிடுவார்கள், பிரபுக்கள் சபையில் இருக்கும் 26 பேராயர்களின் இடமும் போகும் என்பார்கள். போகலாம். வேல்ஸ் திருச்சபை நூறு ஆண்டுக்கு மேலாக அரசுத் தொடர்பின்றி இயங்கி வருகிறது. உன் தென்னிந்தியத் திருச்சபையும் 1947இல் எந்த அரசின் கையையும் பிடித்துக்கொண்டு எழவில்லையே.

மாற்றத்துக்கு நாடாளுமன்றச் சட்டம் வேண்டும் என்பதுதான் என் கவலை. 2022 செப்டம்பர் 8 அன்று ராணி இறந்து, எட்டே மாதத்தில் முடிசூட்டு விழா முடிந்துவிட்டது. துக்கமும் ஒத்திகையும் நெருக்குகிற அந்த மாதங்களில் யாரும் 1688ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திறக்க மாட்டார்கள். மன்னர் உயிரோடு இருக்கும்போது அடுத்தவரின் முடிசூட்டைப் பற்றிப் பேசுவது மரியாதைக்குறைவு என்றும் இங்கே தயங்குகிறார்கள். இந்தத் தயக்கத்தால்தான் ஒவ்வொரு முறையும் பழைய வாக்கும் புதிய முன்னுரையுமாக நின்றுவிடுகிறது. இதற்கிடையே சபைக்குள்ளேயே மாற்றம் காத்திருக்கவில்லை. முன்பு செவிலியராக இருந்த சாரா முல்லாலி 2025 அக்டோபரில் கான்டர்பரியின் முதல் பெண் பேராயராக அறிவிக்கப்பட்டார். அடுத்த முடியை ஒரு பெண்ணின் கைகள் வைக்கக்கூடும். 1953இல் இந்தச் சபையில் ஒரு பெண் குருகூடக் கிடையாது.

திருவிருந்தைப் பற்றி மட்டும் உன் கருத்து எனக்கு வேண்டும். விசுவாசத்தில் உறுதியில்லாத ஒருவர் நாளை அரசரானால், முடிக்காக அவர் அப்பமும் ரசமும் வாங்க வேண்டுமா? வாங்கக் கூடாது என்று நான் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பீடத்துக்கு முன் முழங்காலிடுகிறவள் நீ, நான் இல்லை. உங்கள் ஐயரிடமும் கேட்டு எழுது. இந்த மாதக் கடைசி வரை இதே முகவரியில்தான் இருப்பேன்.

அன்புடன்,
உன் தோழி