உடம்பு பிடித்தல்

காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகளைச் சுற்றிக்கொண்டு கொல்லிமலைக்கு ஏறிச் செல்லும் பிரயாணிகளில் பெரும்பாலோர், அறப்பளீசுவரரைத் தரிசித்து, அப்பால் ஏறத்தாழ ஆயிரம் படிகள் இறங்கி, ஐயாறு சுமார் முந்நூறு அடி உயரத்திலிருந்து விழுகின்ற ஆகாய கங்கையில் நீராடிவிட்டுத் திரும்புவது வழக்கம். இறங்கும்போது சிரமம் தெரிவதில்லை. ஏறும்போதுதான் மூச்சு வாங்குகிறது. ஆகையால் மறுநாள் தொடையும் கெண்டைக்காலும் வலிக்கும்பொழுது, அதன் பழியை எல்லோரும் ஏற்றத்தின் மேலேயே சுமத்துகிறார்கள். உண்மையில் குற்றவாளி இறக்கமே. படியிறங்கும் ஒவ்வோர் அடியிலும் சரீரத்தின் பாரத்தைத் தாங்கியவாறே தொடைத்தசை நீள வேண்டியிருக்கிறது. அவ்வாறு சுமையோடு நீளும் தசையின் நுண்ணிய இழைகள் சிறிது சிறிதாகச் சிதைகின்றன. அந்தச் சிதைவைச் செப்பனிட உடல் மேற்கொள்ளும் முயற்சியே ஓரிரு நாள் கழித்து நோவாகத் தலைகாட்டுகிறது.

இந்தச் சாஸ்திரத்தை எனக்கு முதலில் போதித்தவர் கொல்லிமலைச் செம்மேட்டில் நான் தங்கியிருந்த விடுதியின் காவற்காரப் பெரியவர். “இறங்கறப்போ ஒண்ணும் தெரியாதுங்க, நாளைக்கு நாற்காலியில உக்கார முடியாதுங்க” என்று முன்கூட்டியே சொன்ன அவர், சொன்னபடியே மறுநாள் நான் தவித்ததைக் கண்டு நகைக்காமல், நல்லெண்ணெயைக் கிண்ணத்தில் காய்ச்சி எடுத்துவந்து, பாதத்திலிருந்து முழங்காலை நோக்கி மெல்ல நீவி, கெண்டைக்காலின் நடுவே கட்டிநின்ற இடத்தைத் தேடிப்பிடித்துக் கட்டைவிரலை ஊன்றி நிறுத்தி, நான் பல்லைக் கடிப்பது நின்ற பிறகே அதை எடுத்தார். பின்பு, மலையில் பாறையிலும் மரத்திலும் பற்றி வளர்வதும், பழுப்பு ரோமம் போர்த்ததுமான முடவாட்டுக்கால் கிழங்கை இடித்துப் போட்ட மிளகு ரசமும் தந்தார். மூட்டுவலிக்கு அந்தக் கிழங்கு உகந்தது என்பது மலைவாசிகளின் திடமான நம்பிக்கை. அதன் ரசத்தைக் கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் விற்கிறார்கள். கிழங்கின் மகிமை எவ்வளவோ, நானறியேன். கையின் மகிமையை அன்று அறிந்தேன்.

பெரியவர் பழக்கத்தால் செய்ததைச் சித்த வைத்தியர்கள் சாஸ்திரமாகவே வகுத்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் கூறும் முப்பத்திரண்டு புறமருந்துகளில் தொக்கணமும் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைக்கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அது ஒன்பது வகைப்படும். தைலமிட்டும் செய்யலாம், வெறுங்கையாலும் செய்யலாம். கேரளத்துக் களரி ஆசான்கள் சீடர்களின் அங்கங்களை வளைந்துகொடுக்கும்படிப் பக்குவப்படுத்தச் செய்யும் உழிச்சிலும், இளஞ்சூடான தைலத்தைத் துணியில் நனைத்துப் பிழிந்தபடியே தேய்க்கும் பிழிச்சிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

தேசங்கள்தோறும் இந்தக் கலை வேறு வேறு ஆடை உடுத்தியிருக்கிறது. ஸ்வீடன் தேசத்து முறை என்று நகரத்து மசாஜ் நிலையங்களில் விளம்பரப்படுத்தப்படுவது, 1813-இல் ஸ்டாக்ஹோமில் தேகப்பயிற்சிக் கழகம் நிறுவிய பெர் ஹென்ரிக் லிங் என்பவரின் பெயரோடு சேர்த்துப் பேசப்பட்டாலும், நீவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல் என்று அதன் செய்கைகளை ஒழுங்குபடுத்திய கீர்த்தி ஹாலந்து வைத்தியர் யோஹான் மெட்ஸ்கரையே சாரும். தாய்லாந்தில் எண்ணெயின்றி, உடுத்திய ஆடையோடு தரையில் விரித்த பாயில் கிடத்தி, அழுத்தியும் இழுத்தும் நீட்டியும் செய்வார்கள். அதனை யுனெஸ்கோ 2019-இல் மானிட குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் வரிசையில் சேர்த்தது. ஜப்பானில் நெடுங்காலம் கண்பார்வையற்றோரின் ஜீவனோபாயமாக இத்தொழில் விளங்கியது. விரல் நுனியே இங்கு கண்ணாகையால் அதில் வியப்புக்கிடமில்லை.

இனி, இதனால் உடம்புக்கு விளையும் நன்மை யாது? தசையில் தேங்கிய அமிலம் கரைந்து வெளியேறுகிறது என்பார்கள். ஆனால் உழைப்பின்போது பிறக்கும் லாக்டிக் அமிலம், ஓய்வெடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் தானே நீங்கிவிடுவதால், மறுநாள் வலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சுகம் வருவது பெரும்பாலும் நரம்பு வழியாகத்தான். இடித்துக்கொண்ட முழங்கையை நாம் நம்மையறியாமலே தேய்த்துக்கொள்கிறோமல்லவா? தொடுகையின் செய்தி தண்டுவடத்தை எட்டும்போது வலியின் செய்தி அங்கே தடைப்பட்டுத் தணிகிறது என்று மெல்சாக், வால் என்னும் இருவர் 1965-இல் விளக்கினார்கள். மெதுவாக நீவும் ஸ்பரிசத்துக்கென்றே விழித்தெழும் தனி நரம்பிழைகள் நம் தோலில் உண்டு என்பதும் பின்னர் தெரியவந்தது. நாடி நிதானப்படுகிறது, மூச்சு ஆழமாகிறது, தூக்கம் கூடுகிறது.

1986-இல் அமெரிக்காவில் டிஃபனி ஃபீல்ட் என்ற அம்மையாரும் அவருடைய சகாக்களும் குறைமாதக் குழந்தைகளை நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு 15 நிமிஷம் என்று பத்து நாள் இதமாக நீவி, கை காலை அசைத்துவிட்டதில், அந்தச் சிசுக்கள் மற்றக் குழந்தைகளைவிட நாள்தோறும் 47 சதவிகிதம் அதிகமாக எடை கூடினவாம். நீட்டிய கால்களின்மேல் பேரக்குழந்தையைக் கிடத்தி, எண்ணெய் தடவி, கை காலை நீவிக் குளிப்பாட்டும் நம் பாட்டிமாருக்கு இச்செய்தி ஆச்சரியம் தந்திருக்காது.

ஆயினும் கை எங்கே அழுத்த வேண்டும் என்று அறிவதைக் காட்டிலும், எங்கே அழுத்தலாகாது என்று அறிவதே வித்தை. ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்து வலித்தால் உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். அதைப் பிசைந்தால் உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்து உயிருக்கே உலை வைக்கக்கூடும். காய்ச்சல், எலும்பு முறிவு, தோற்புண் உள்ளவர்களும் விலக்கப்பட வேண்டியவர்களே. முடிதிருத்தும் நிலையத்தில் தலையைத் தட்டிவிட்டுச் சட்டென்று கழுத்தை நெட்டி முறிக்கும் வழக்கம், மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயைக் கிழித்துவிட இடமுண்டு என்பதால், அறவே ஒழிக்கத் தக்கது. நூற்றெட்டு வர்ம ஸ்தானங்களும் குருமுகமாகப் பயின்றவர்களுக்கே உரியவை.

என் மனத்தை உறுத்துவது வேறொன்று. மங்கலான விளக்கும் வாசனைப் புகையுமாகக் குளிரூட்டிய அறைகளில், நாளெல்லாம் உட்கார்ந்திருப்போர் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் பண்டமாக இக்கலை மாறிவருகையில், கொல்லிமலையின் சோளக்காட்டுச் சந்தைக்குப் பலாவையும் அன்னாசியையும் சுமந்து மலைச்சரிவில் ஏறி இறங்குகிறவர்களின் முதுகுக்கு அது எட்டுவதில்லை. ஒகேனக்கல்லில் அருவிக்கரையில் பாய் விரித்து, எண்ணெய்ப் புட்டியோடு காத்திருந்து, வருவோரையெல்லாம் பிடித்துவிடும் தொழிலாளிகளின் தோள்களை யார் பிடித்துவிடுகிறார்கள்? உழைத்த உடம்புக்கே இதில் முதலுரிமை. மலைவாழ் மக்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் தொக்கணம் பயின்றவர் ஒருவரையாவது அமர்த்துவது சர்க்காருக்குப் பெரும் செலவாகாது. அதுவரை, வேலை முடிந்து வீடு திரும்புகிறவரின் காலைப் பத்து நிமிஷம் இதமாக நீவிவிட ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவரேனும் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு கரண்டி நல்லெண்ணெயும் சிறிது பொறுமையுமே அதற்கு வேண்டுவன.