எந்த மொழியில் சொன்னார்கள்?

குடுவையும் அமிலமுமாய்க் காலந்தள்ளும் ரசாயன மாணவனுக்குச் சட்டத்தில் என்ன அக்கறை என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

சென்ற குளிர்காலத்தில், கடைத்தெருத் தகராறு ஒன்றில் நம் தம்பிகள் இருவரைப் போலீசார் அழைத்துச் சென்றனர். ஒருவனுக்கு வயது பதினேழு. நான் போய்ச் சேர்ந்தபோது அவன் முன்னே இந்தியில் எழுதிய தாள் ஒன்று கிடந்தது. "அண்ணே, கையெழுத்துப் போடச் சொல்றாங்க. இதுல என்ன எழுதியிருக்கு?" என்றான். கண்ணாடியை உடைத்தவன் தானே என்று அவனே ஒப்புக்கொள்வதாக எழுதியிருந்தது! பேராசிரியர் ஒருவர் வந்து பேசிய பின் இருவரையும் விட்டுவிட்டார்கள். ஆயினும் அந்தத் தாள் என் மனத்தை விட்டு அகலவில்லை. சட்ட நூல்களைப் புரட்டலானேன்.

விசாரணையில் போலீசாரிடம் சொல்வதை எழுதிக்கொண்டால், சொன்னவனிடம் அதில் கையெழுத்து வாங்கலாகாது என்று சட்டமே விலக்கியிருக்கிறது. கைதுக் குறிப்பு வேறு. அதில் கைதானவனும் ஒரு சாட்சியும் கையெழுத்திட வேண்டும். இரண்டையும் ஒன்றென எண்ணிவிடாதீர்கள். பதினெட்டு நிரம்பாதவனை லாக்கப்பில் வைக்கலாகாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். நிரம்பியவனாயின் அதே கெடுவுக்குள் மாஜிஸ்டிரேட் முன். காரணத்தை அறியவும் வக்கீலைக் கலக்கவும் அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு உரிமை தருகிறது.

காரணத்தைச் சொன்னால் போதுமா? எந்த மொழியில்? 1962-இல் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்த ஹரிகிசன் வழக்கில், தடுப்புக் காவலில் இருந்தவருக்கு ஆங்கிலம் தெரியாது, காரணங்களோ ஆங்கிலத்தில். போலீஸ் அதிகாரி வாய்மொழியாக விளக்கினாராம். அது போதாது, அவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தரவேண்டும் என்றது கோர்ட்டு. (அவருக்கு ஆங்கிலம், நமக்கு இந்தி. தாள் ஒன்றுதான்!) 2025 நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் இவ்விதி எல்லாக் கைதுகளுக்கும் பொருந்தும் என்று தீர்ப்பாயிற்று. உடனே எழுதித்தர இயலாவிடில் வாயால் சொல்லி, மாஜிஸ்டிரேட் முன் கொண்டுபோக இரண்டு மணி நேரத்துக்கு முன்பாவது எழுத்தில் கொடுத்தாக வேண்டும்.

தீர்ப்பு நல்ல தீர்ப்புத்தான். ஆனால் நள்ளிரவில் இவ்வூர்க் காவல் நிலையத்தில் தமிழ் எழுதத் தெரிந்தவர் யார்? காவலில் இருப்பவருக்கு இலவச வக்கீல் உண்டு, 15100-க்குத் தொலைபேசினால் கேட்கலாம். அவருக்கும் தமிழ் தெரிந்திருக்க வேண்டுமே! தமிழும் இந்தியும் எழுதப் படிக்க அறிந்தோர் பட்டியல் ஒன்றைச் சங்க அறையில் தொங்கவிடலாம் என்பது என் யோசனை. என் பெயரை முதலில் எழுதிக்கொள்க. எந்நேரமானாலும் வருவேன்.