துபாஷியைத் தேடி



ஆடி மாதம் ஐந்தாம் வெள்ளிக்கிழமை செங்கழுநீரம்மன் தேர் ஓடும் ஊர் என்றால் எங்கள் வீராம்பட்டினத்தை நீங்கள் அறிவீர்கள். பிரெஞ்சுக்காரர் காலத்துக் கவர்னர்கள் வடம் பிடித்த வழக்கப்படி இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடித்துத் தொடங்கி வைக்கும் தேர் அது. அவ்வூரிலிருந்து அன்றாடம் பேருந்தில் நின்றுகொண்டே நம் பள்ளிக்கு வந்து சேரும் மாணவியர் மூவர் நாங்கள். தேரைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் எண்ணினோம். ஆனால் அதை எங்கள் ஊர் அக்காமார் பலர் முன்னமே எழுதிவிட்டார்கள். ஆகவே 2025 நவம்பரில் நான்கு நாட்கள் எங்களைத் தூங்கவிடாமல் செய்த ஒரு பழைய மடிக்கணினியின் கதையை எழுதுகிறோம். இதில் எங்கள் அசட்டுத்தனமும் இருக்கிறது. அதை மறைக்கவில்லை.

அந்தக் கணினி எங்களில் ஒருத்தியின் சின்னம்மாவுடையது. சின்னம்மா மீன் விற்பவர். பன்னிரண்டு பெண்கள் சேர்ந்த மகளிர் சுய உதவிக் குழுவுக்குப் பொருளாளரும் அவரே. யார் எவ்வளவு சேமிப்புப் போட்டார், யாருக்கு எவ்வளவு கடன் பாக்கி, ஐஸ் பெட்டி வாங்கிய செலவு என்ன என்ற கணக்கெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. அவருடைய மகன் கல்லூரியில் படித்தபோது வாங்கியது. அண்ணன் வேலைக்கு வெளியூர் போனபின் சின்னம்மா எண்களைத் தட்டக் கற்றுக்கொண்டார்.

2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 போடலாம் என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் கணினியாயின் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைக்குக் குறையாமல் இருக்க வேண்டும். சின்னம்மாவின் கணினி ஐந்தாம் தலைமுறை. “இந்தக் கணினி தகுதி பெறவில்லை” என்று திரையிலேயே அறிவிப்பு வந்துவிட்டது. பழுது பார்ப்பவரிடம் கேட்டதற்கு, “புதுசு வாங்கிடுங்கம்மா, இதை எடைக்குப் போட்டுடலாம்” என்றார். புதிய கணினியின் விலையைக் கேட்டுச் சின்னம்மா ஒன்றும் பேசாமல் மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அப்பொழுதுதான் நாங்கள் வாயைக் கொடுத்தோம். லினக்ஸ் என்றொரு திறந்த மூல இயங்குதளம் உண்டு, அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை, பழைய கணினியிலும் ஓடும் என்று பாடத்தில் படித்திருந்தோம். “நாங்க போட்டுத் தரோம் சின்னம்மா” என்று மார்தட்டினோம். எங்களுக்குக் கணினிப் பாடம் நடத்தும் சிஸ்டர், “பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். உள்ளே ஏற்றுவதற்கு முன் ஒரு வாரமாவது அப்படிச் சோதியுங்கள்” என்று எச்சரித்தார். நாங்கள் சோதித்தது பத்து நிமிடம். திரை அழகாயிருந்தது, சீட்டு விளையாட்டும் ஓடியது; போதாதா? ஞாயிறு பிற்பகலில், விண்டோஸை முற்றிலும் அழித்துவிட்டு லினக்ஸ் மின்ட்டை ஏற்றினோம். கணக்குக் கோப்புகளை மட்டும் இரண்டு பென் டிரைவில் நகலெடுத்து வைத்திருந்தோம். அன்றைக்கு நாங்கள் செய்த புத்தியுள்ள காரியம் அது ஒன்றுதான்.

முடிந்ததும் பார்த்தால் வைஃபை அடையாளத்தையே காணோம்! இணைப்பு அறுந்திருந்தால்கூட அடையாளம் இருக்குமே. இங்கே அப்படி ஒன்று இருந்த சுவடே இல்லை. காணாமற் போனவற்றைக் கண்டெடுத்துத் தரும் புனித அந்தோணியாரை எங்களில் ஒருத்தி வேண்டினாள். இன்னொருத்தி செங்கழுநீரம்மனுக்கு மஞ்சள் துணியில் ஐந்து ரூபாய் முடிந்து வைத்தாள். மூன்றாமவள் சிஸ்டருக்குத் தொலைபேசியில் பேசினாள். சிஸ்டர் சொன்னதெல்லாம், “டிரைவர் இல்லை போலிருக்கிறது” என்பதே. அதை நாங்கள் அப்படியே உரக்கச் சொல்ல, “டிரைவர் இல்லையா? எந்த பஸ்ஸுக்குடி?” என்று சின்னம்மா அடுப்படியிலிருந்து கேட்டார்.

டிரைவர் என்றால் என்ன என்பதை அன்றிரவுதான் உண்மையாகவே புரிந்துகொண்டோம். நம் புதுவைக்காரர்களுக்கு அதை விளக்குவது எளிது. துய்ப்ளே துரைக்குத் தமிழ் தெரியாது. இங்குள்ள வணிகருக்கும் நெசவாளருக்கும் பிரெஞ்சு தெரியாது. நடுவில் நின்று இரு பக்கமும் பேசியவர் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் நாட்குறிப்பு எழுதி வைத்தாரே, அவரேதான். கணினிக்குள்ளும் அப்படித்தான். இயங்குதளம் ஒரு மொழி பேசும். வைஃபை சில்லும் அச்சுப்பொறியும் ஒலிபெருக்கியும் தத்தம் மொழி பேசும். நடுவில் நிற்கும் துபாஷிதான் டிரைவர். அரண்மனையில் கவர்னர் மாறிவிட்டார். புதியவர் வேறு மொழிக்காரர். பழைய துபாஷியால் இவருக்குப் பயனில்லை. சில்லு பழுதாகவில்லை. அது பேசிக்கொண்டுதான் இருந்தது, கேட்டுச் சொல்ல ஆளில்லை.

விண்டோஸில் இந்தத் துபாஷிகளைப் பெரும்பாலும் பொருளைச் செய்தவரே எழுதித் தருகிறார். லினக்ஸிலோ பெரும்பாலானவை உள்ளே சேர்ந்தே வருகின்றன. லினக்ஸின் கருவில் உள்ள நிரல் வரிகளில் பாதிக்கு மேல் இந்தத் துபாஷிகள்தானாம்! அதனால்தான் தொடுபலகை, ஒலி, காமிரா எல்லாம் எங்கள் கை படாமலே வேலை செய்தன. ஆனால் தன் சில்லின் மொழியை வெளியே சொல்லாத நிறுவனங்களும் உண்டு. அவை லினக்ஸுக்குத் துபாஷியைத் தந்தாலும் முகத்தை மூடித்தான் அனுப்பும். அதை நாம்தான் தனியே இறக்கிக்கொள்ள வேண்டும். எங்கள் சில்லு அந்த வகை. செய்தவர் பெயர் வேண்டாம், விடுங்கள்.

எந்தச் சில்லு என்று கண்டுபிடித்தது எப்படி என்றால், முனையம் என்ற கறுப்புத் திரையைத் திறந்து எல்.எஸ்.பி.சி.ஐ. என்னும் ஆணையை, சிஸ்டர் சொன்ன அடையாளத்தோடு சேர்த்துத் தட்டினோம். உள்ளே இருக்கும் பொருள்கள் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொன்றுக்கும் எட்டு எழுத்தில் ஓர் எண். முதல் நான்கு செய்தவருக்கு, அடுத்த நான்கு பொருளுக்கு. 1945இல் மார்ட்டிமர் வீலர் எங்கள் ஊரை ஒட்டிய அரிக்கமேட்டில் தோண்டியபோது, இத்தாலியில் காலம் தெரிந்த ஓட்டுச் சில்லுகளை வைத்துத்தானே இங்குள்ள மண்ணடுக்குகளின் காலத்தைக் கணித்தார்? நாங்களும் அந்த எண்ணை வைத்துத்தான் பிறந்த இடத்தைப் பிடித்தோம். (அந்த இரவில் எங்களுக்கு எங்களைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.)

ஆனால் வைஃபைக்கு டிரைவரை இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு வைஃபை வேண்டும்! இந்தச் சிக்கலை அவிழ்த்தது சின்னம்மாவின் கைபேசி. மின்னேற்றும் கம்பியால் அதைக் கணினியோடு இணைத்து, யு.எஸ்.பி. டெதரிங் என்பதைத் தொட்டவுடன் கைபேசியின் இணையம் கணினிக்குள் பாய்ந்தது. மின்ட்டில் உள்ள டிரைவர் மேனேஜர் உரிய துபாஷியைக் காட்டியது. இறக்கினோம். ஒரு கடவுச்சொல்லைக் கேட்டது, கொடுத்தோம். மறுபடி துவக்கினோம். நீலத் திரை ஒன்று வந்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. பயந்துபோய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். பத்து விநாடியில் அது தானே போய்விட்டது. வைஃபையும் வரவில்லை.

மறுநாள் இடைவேளையில் சிஸ்டர் சொல்லித்தான் விளங்கியது. செக்யூர் பூட் என்பது கோட்டை வாயிற்காவலன். முத்திரை இல்லாத துபாஷியை அவன் உள்ளே விடமாட்டான். “இவரை எனக்குத் தெரியும், உள்ளே விடு” என்று வீட்டுக்காரர் சொல்வதற்காகத்தான் அந்த நீலத் திரை பத்து விநாடி காத்து நிற்கிறது. முந்தின நாள் கொடுத்த கடவுச்சொல்லை அங்கே திரும்பத் தட்ட வேண்டும். திங்கள் மாலை அப்படியே செய்தோம். மூலையில் விசிறி போல அந்த அடையாளம் முளைத்தபோது நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

கூச்சல் அரை மணி நேரம்தான் நிலைத்தது. சின்னம்மா வந்து, “சரி, புதன்கிழமை பேங்குக்குக் கணக்கு கொடுக்கணும், ஆறு பக்கம் பிரின்ட் எடுத்துக் கொடுங்க” என்றார். குழு புதிய கடனுக்கு விண்ணப்பித்திருந்தது. பன்னிரண்டு பேருக்கும் பெரிய ஐஸ் பெட்டிகள். ஐஸ் இருந்தால் மாலை வரை மீனை வைத்து விற்கலாம், இல்லையேல் பத்து மணிக்கெல்லாம் கேட்ட விலைக்குத் தள்ள வேண்டியதுதான். இது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் அச்சுப்பொறியைச் சோதிக்கவில்லை.

அச்சுப்பொறிகளில் இரண்டு சாதி உண்டு என்று அன்று கற்றோம். சில பொறிகள் போஸ்ட்ஸ்கிரிப்ட் போன்ற பொது மொழியை அறியும்; இப்போது வரும் பலவற்றுக்கு டிரைவரே தனியாக வேண்டாம். ஆனால் விலை மலிவான சில லேசர் பொறிகளுக்குச் சொந்த மூளை குறைவு. பக்கத்தைப் புள்ளி புள்ளியாகக் கணினியே வரைந்து, அந்த நிறுவனத்தின் இரகசிய மொழியில் ஊட்ட வேண்டும். குழு இரண்டாம் கையாக வாங்கியிருந்தது அந்த வகை. செய்தவர்கள் பல ஆண்டுகளுக்கு முன் லினக்ஸுக்கு ஒரு டிரைவர் வெளியிட்டுப் பிறகு கைகழுவிவிட்டார்கள். அது இப்போதைய மின்ட்டில் ஏறவே மறுத்தது. இரவு பதினோரு மணி வரை முயன்றோம். பொறியின் பச்சை விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டே இருந்தது.

உண்மையைச் சொன்னபோது சின்னம்மா கத்தவில்லை. “ஏண்டி, கட்டுமரத்தைக் கடல்ல தள்ளின பொறவுதான் துடுப்பு இருக்கான்னு பார்ப்பீங்களா?” என்று மட்டும் கேட்டார். கத்தியிருக்கலாம். எங்களில் ஒருத்தி அழுதுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் கணக்கைப் பி.டி.எஃப். ஆக்கிப் பென் டிரைவில் போட்டு அரியாங்குப்பத்து ஜெராக்ஸ் கடைக்கு ஓடினோம். பக்கத்துக்கு ஐந்து ரூபாய்; முப்பது ரூபாயை எங்கள் மூவர் கைக்காசிலிருந்து கொடுத்தோம். இரவே சின்னம்மா ஆறு பக்கத்தையும் விளக்கடியில் வைத்து வரிவரியாகப் படித்துப் பார்த்தார். புதன்கிழமை வங்கியில் கணக்கை வாங்கிக்கொண்டார்கள்.

சிஸ்டர் அந்த வாரம் எங்களுக்கு ஒரு கதை சொன்னார். 1980ஐ ஒட்டி, அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. அதில் அடிக்கடி காகிதம் சிக்கும். காகிதம் சிக்கியதும் எல்லாருக்கும் செய்தி அனுப்பும்படி நிரலைத் திருத்த விரும்பினார் ரிச்சர்டு ஸ்டால்மன். அதன் மூல நிரல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் இருந்தது. “தரமாட்டேனென்று ஒப்பந்தம் போட்டிருக்கிறேன்” என்று அவர் கைவிரித்துவிட்டார். அந்தக் கோபமும் சேர்ந்துதான் 1983இல் குனூ திட்டத்தை அறிவிக்கச் செய்தது. 1991இல் ஹெல்சிங்கியில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட கரு அதனோடு இணைந்தது. ஆக, நாங்கள் ஏற்றிய இயங்குதளமே ஓர் அச்சுப்பொறிச் சண்டையில் முளைத்ததாம்! இதைக் கேட்டபின் எங்கள் வெட்கம் சற்றுக் குறைந்தது.

தமிழ்நாட்டு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது; கேரளப் பள்ளிகளில் பல ஆண்டுகளாகத் திறந்த மூல இயங்குதளமே ஓடுகிறது. அங்கெல்லாம் எங்களைப் போல் யாரும் இரவு பதினோரு மணிக்கு அழவில்லையா என்று கேட்டோம். “பொருளையும் இயங்குதளத்தையும் பொருத்திப் பார்த்துவிட்டுக் கொடுப்பார்கள், உங்களைப் போலவா?” என்றார் சிஸ்டர்.

அச்சுப்பொறி கடைசியில் பேசியது, மூன்று வாரம் கழித்து. செய்தவர் மொழியைச் சொல்லாவிட்டாலும், விண்டோஸ் கணினிக்கும் பொறிக்கும் நடுவே கம்பியில் ஓடும் பேச்சை ஒட்டுக்கேட்டு, எந்த எண் எதைக் குறிக்கிறதென்று பொறுமையாகப் பிரித்தெடுத்து டிரைவர் எழுதும் தன்னார்வலர்கள் உலகில் இருக்கிறார்கள். கூலி இல்லை. அப்படி எழுதிய ஒன்றின் மூல நிரலை இறக்கி, அதில் இருந்த குறிப்பின்படி நாங்களே தொகுத்தோம். நான்கு முறை பிழை காட்டியது. நான்கும் நாங்கள் விட்டுவிட்ட துணைப் பொதிகள். ஐந்தாம் முறை காகிதம் உருண்டு வெளியே வந்தது. இரண்டு பக்கத்துக்கு ஒரு முறை பொறியை அணைத்து ஏற்ற வேண்டியிருக்கிறது. சின்னம்மாவுக்கு அது பழகிவிட்டது. “துபாஷி தூங்கிட்டான்” என்று சொல்லி, தானே பொத்தானை அமுக்கி எழுப்புகிறார். விரல்ரேகைப் பட்டை மட்டும் இன்றுவரை ஊமையாகவே இருக்கிறது; அதற்குத் துபாஷி கிடைக்கவில்லை.

இப்போது பூரணாங்குப்பத்தில் இன்னொரு குழுவினர் தங்கள் கணினிக்கும் லினக்ஸ் போட்டுத் தரக் கேட்டிருக்கிறார்கள். வரும் சனிக்கிழமை பென் டிரைவும் ஒரு நோட்டுப் புத்தகமும் எடுத்துக்கொண்டு போகிறோம். ஒரு வாரத்துக்குள் எதையும் அழிக்கமாட்டோம் என்று சிஸ்டருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம். அச்சுப்பொறியின் பெயரை மட்டும் இப்போதே ஒரு சீட்டில் எழுதி, மீன் கூடையோடு வரும் சின்னம்மாவிடம் கொடுத்தனுப்பச் சொல்லியிருக்கிறோம்.