கடைசிப் பக்கங்கள் இல்லாத பைண்டு

பாலக்கரையில் எங்கள் தெருவில், வாரப் பத்திரிகைத் தொடர்களைக் கிழித்துத் தைத்து வைத்துக்கொள்ளாத வீடு குறைவு. இரவல் வாங்கிய அப்படியொரு பைண்டில்தான் சுஜாதாவின் ‘நைலான் கயிறு’ படித்தேன். 1968-இல் குமுதத்தில் வந்த தொடர். கடைசிப் பக்கங்கள் இல்லை. கொலை இருந்தது, வழக்கு இருந்தது, முடிவு இல்லை.

துப்பறியும் கதைக்கு இதைவிட மோசமான விபத்து கிடையாது. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் காலத்திலிருந்து வாசகன் முடிவுக்காகத்தான் காத்திருக்கிறான். எனக்கு நேர்ந்தது வேறு. நடுப்பக்கங்களிலேயே திரும்பத் திரும்பப் புழங்கினேன். யார் கொன்றது என்பது விலகிப்போய் வாக்கியங்கள் மிஞ்சின. வர்ணனை என்று உட்கார்ந்துவிடாமல் வினைச்சொல்லைப் பிடித்துக்கொண்டு ஓடும் உரைநடை. புதுக்கவிதையில் நாங்கள் தேடிய சிக்கனம் ஒரு கொலைக் கதையில் இருந்தது. நண்பர்களிடம் சொன்னேன், சிரித்தார்கள். பிற்பாடு புத்தகம் கிடைத்து முடிவையும் படித்தேன். அதிகம் ஒட்டவில்லை.

இன்னொன்று, கணேஷ். அவன் தொழில்முறைத் துப்பறிவாளன் அல்ல, வக்கீல். ஷெர்லக் ஹோம்ஸுக்கு உண்மை தெரிந்தாக வேண்டும். வக்கீலுக்குச் சந்தேகம் போதும். ‘இவன்தான் என்று நிரூபிக்க முடியாது’ என்று காட்டிவிட்டால் வேலை முடிந்தது. நிச்சயமின்மையைத் தொழிலாகக் கொண்ட நாயகன். நவீனத்துவம் என்று நாம் பெரிய எழுத்தில் போட்டதற்கு இவன் ரொம்பத் தூரத்து உறவில்லை.

எஸ். ரங்கராஜன் ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தவர். செயின்ட் ஜோசப் கல்லூரியில் பௌதிகம், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸ். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தை உருவாக்கியதில் பங்குள்ளவர். ‘கணையாழி’யின் கடைசிப் பக்கங்களில் புதுக்கவிதை, சினிமா, விஞ்ஞானம் என்று எழுதினார். ஆழ்வார்களை எளிமையாக அறிமுகம் செய்தார். கவிதைக்காரர்களை அவர் வெளிப்படையாகப் படித்தார். அவர்களும் அவரைப் படித்தார்கள், வெளியே சொல்வது வழக்கமில்லை.

அவருடைய முதல் கதை 1953-இல் திருச்சியில் திருலோக சீதாராம் நடத்திய ‘சிவாஜி’யில் வந்தது. அந்தப் பிரதி தன்னிடம் இல்லை, யாரிடமாவது இருக்கிறதா என்று பின்னாளில் எழுதிக் கேட்டார். 2008-இல் காலமானார். எத்தனையோ கொலைகளுக்கு ஆள் கண்டுபிடித்துக் கொடுத்தவர், தன் முதல் கதையைத் தேட வேண்டியிருந்தது. தொடர்கதையை ஊசி நூல் கொண்டு தைத்து வைத்த ஊர், இலக்கியப் பத்திரிகையை எடைக்குப் போட்டிருக்க வேண்டும். துப்புத் துலக்க வேண்டியது இந்த வழக்கைத்தான்.