தகரம் வளைக்கும் மாமாவுக்கு

டேட்டன், ஓஹையோ
அக்டோபர் 12

அன்புள்ள மாமாவுக்கு,

சிவா எழுதிக்கொள்வது.  

போன வாரம் போனில் நான் சொன்னது உங்கள் காதில் சரியாக விழவில்லையாம். "சிவா பழைய பஸ் ஒண்ணு வாங்கியிருக்கானாம், அதுல எஞ்சினே இல்லையாம்" என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தீர்களாம், அத்தை சொன்னார். வாழ்நாளெல்லாம் பஸ் பாடிப் பட்டறையில் ரிவெட் சத்தம் கேட்ட காதிடம் வாட்ஸ்அப்பில் கத்திப் பயனில்லை. அதனால் எழுதியே அனுப்புகிறேன். உங்களிடம் ஒரு வேலை யோசனையும் கேட்க வேண்டியிருக்கிறது. கார்த்தியைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள், பாதியில் எழுந்து போகாமல் கேளுங்கள்.

எஞ்சின் இல்லை என்பது உண்மைதான். இங்கே இதை ட்ராவல் ட்ரெய்லர் என்கிறார்கள். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற வீடு. உள்ளே படுக்கை, கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கக்கூஸ் எல்லாம் உண்டு. நான் வாங்கியது 1966-ல் கட்டிய ஏர்ஸ்ட்ரீம் சஃபாரி. 22 அடி நீளம், ஒற்றை ஆக்ஸில். ஒரு சோளக் காட்டு ஓரத்தில், களைச்செடி சன்னல் வரை ஏறிப் பல வருஷமாகக் கிடந்தது. வீட்டுக்கு இழுத்து வந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, கோழி வளர்க்கப் போகிறாயா என்று கேட்டார்.

இதைக் கட்டுகிற தொழிற்சாலை எங்கள் ஊருக்கு வடக்கே ஒரு மணி நேர ஓட்டத்தில், ஜாக்சன் சென்டர் என்ற சின்ன ஊரில் இருக்கிறது. 1952-லிருந்து அங்கேதான். கம்பெனியை ஆரம்பித்தவர் வாலி பையம். அவர் தொழிலுக்கு வந்த கதை உங்களுக்குப் பிடிக்கும். பத்திரிகை நடத்திக்கொண்டிருந்த மனிதர். ட்ரெய்லர் கட்டுவது எப்படி என்று வரைபடம் போட்டு விற்றார். அப்புறம் தானே கட்ட இறங்கி, 1931-ல் கம்பெனி தொடங்கினார். 1936-ல் வந்த கிளிப்பர்தான் அவருடைய முதல் முழு அலுமினிய வண்டி, விலை 1,200 டாலர். அந்த உருண்டை வடிவத்தை அவருக்கு முன்பே கட்டிக் காட்டியவர் ஹாலி போலஸ். லிண்ட்பர்க் தனியாக அட்லாண்டிக்கைத் தாண்டிய விமானம் கட்டப்பட்டபோது அந்த வேலையை மேற்பார்த்தவர். அலுமினியமும் ரிவெட்டும் எங்கிருந்து வந்தன என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

நிலவுக்குப் போய்த் திரும்பிய ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் மூவரையும் கிருமி ஏதும் ஒட்டி வந்திருக்குமோ என்று 1969-ல் ஒரு பெட்டிக்குள் அடைத்து வைத்தார்கள் அல்லவா? சன்னல் வழியாக அவர்கள் சிரிக்க, வெளியே நின்று நிக்சன் பேசுவாரே, அந்தப் படம். அந்தப் பெட்டியும் ஏர்ஸ்ட்ரீம் கட்டியதுதான்.

சரி, வேலைக்கு வருகிறேன். முதல் பார்வையில் இது உங்களுக்குப் பஸ் பாடி போலவே தெரியும். இரும்புச் சேஸிஸ், மேலே வளைந்த சட்டங்கள், அதன் மேல் தகடு, ரிவெட். ஆனால் ஒன்று வேறு. உங்கள் பட்டறையில் சட்டம் பாரம் தாங்கும், தகடு மூடும். இதில் சட்டம் மெல்லிசு, தனியாக எடுத்தால் கையாலேயே முறுக்கிவிடலாம். தகடும் சட்டமும் ரிவெட்டில் சேர்ந்த பிறகுதான் இரண்டுக்கும் பலம். அதனால் ஒரு வரிசை ரிவெட் தளர்ந்தால் அது ஓட்டை மட்டும் இல்லை, அந்த இடத்தில் வண்டிக்கே எலும்பு இல்லை.

வெளித்தகடு ஒரு மூலையைத் தவிரச் சுகமாகவே இருந்தது. நோவு எல்லாம் தரையில். சேஸிஸின் மேல் 5/8 அங்குல ப்ளைவுட் படுத்திருக்கிறது. ப்ளைவுட்டின் விளிம்பில் சுற்றிலும் ஓர் அலுமினியச் சேனல். கூடு முழுக்க அந்தச் சேனலில்தான் நிற்கிறது. சேனல், ப்ளைவுட், சேஸிஸ் மூன்றையும் துளைத்துப் போல்ட் இறங்குகிறது. நடுவில் இருக்கும் மரம் இற்றுவிட்டால் போல்ட்டுக்குப் பிடி இல்லை. கூடு தனி, சேஸிஸ் தனி. பழைய வண்டி வாங்குகிறவன் முதலில் செய்ய வேண்டியது, பின் பம்பரில் ஏறி நின்று குதிப்பது. பம்பர் மட்டும் இறங்கிக் கூடு அசையாமல் நின்றால் பின்பக்கத் தரை போய்விட்டது என்று அர்த்தம். நான் குதித்தபோது ஒரு விரல் போகிற அளவு இடைவெளி திறந்து மூடியது. அதைக் காட்டித்தான் விலையைக் குறைத்தேன்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தேடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சிவப்பு விளக்கின் பின்னால் நுழையும், சட்டத்தைப் பிடித்துக்கொண்டே இறங்கும், எட்டடி தள்ளித் தரையில் தேங்கும். "ஒழுகற எடத்துல ஓட்டை இருக்காதுடா" என்று நீங்கள் பட்டறையில் பையன்களைத் திட்டுவீர்களே, அதேதான். முன்பு வைத்திருந்த யாரோ ஒரு புண்ணியவான் ஒவ்வொரு கசிவுக்கும் வெளியிலிருந்து ஸிலிகானைப் பிதுக்கி அப்பியிருக்கிறார். ஸிலிகான் ஒருமுறை பட்ட இடத்தில் வேறு எந்தச் சீலன்ட்டும் ஒட்டாது. பிளாஸ்டிக் கத்தியால் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். இப்போது பாலியூரித்தேன் சீலன்ட்தான் வைக்கிறேன். ஹோஸ் பிடித்துச் சோதிக்கும்போது கீழிருந்து மேலாக, மெதுவாக ஏற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் எல்லா மூட்டும் ஒரே நேரத்தில் நனையும், எது குற்றவாளி என்று தெரியாது.

உள்தகட்டின் பாப் ரிவெட்டுகளை ட்ரில் போட்டுக் கழற்றியதும் உள்ளே மஞ்சள் கண்ணாடிப் பஞ்சு. அதில் தலைமுறை தலைமுறையாக எலிகள் குடித்தனம் நடத்தியிருக்கின்றன. நாற்றத்தை விடுங்கள், பயம்தான் பெரிது. இங்குள்ள ஒரு வகைக் காட்டு எலியின் புழுக்கையிலிருந்து ஹான்டா வைரஸ் தொற்றி நுரையீரல் நோய் வரும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் பெருக்கக் கூடாது, தூசி கிளம்பக் கூடாது. ப்ளீச் கலந்த தண்ணீரைத் தெளித்து, ஊறவிட்டு, முகமூடி கையுறையோடு ஈரமாகவே அள்ளிக் கட்டி எறிய வேண்டும். என் வீட்டுக்காரி மலர் அந்த வாரம் என்னைப் பின்வாசல் வழியாகத்தான் வீட்டுக்குள் விட்டாள்.

ஆக்ஸில் உங்களுக்குப் புதுசாக இருக்கும். பட்டை ஸ்பிரிங் கிடையாது. ஆக்ஸில் குழாய்க்குள் ரப்பர் உருளைகளை இறுக்கித் திணித்திருக்கிறார்கள். சக்கரம் ஏறி இறங்கும்போது உள்ளே ரப்பர் நசுங்கிக் குலுக்கலை வாங்கிக்கொள்ளும். ரப்பருக்கு ஆயுள் எத்தனை வருஷம்? இறுகிப்போனால் ஒவ்வொரு பள்ளமும் நேராகக் கூட்டில் அடித்து ரிவெட்டைத் தளர்த்தும். சக்கரத்தைத் தாங்கும் கை கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் உயிர் இருக்கிறது, படுத்துவிட்டால் முடிந்தது. என்னுடையது படுத்துக் கிடந்தது. புது ஆக்ஸில், புது பிரேக், புது டயர் வாங்கிவிட்டேன். கேஸ் பைப்பும் ஒயரிங்கும் அப்படித்தான். பழமை பழமை என்று கொண்டாடுகிறவர்கள் அறுபது வருஷத்து ரெகுலேட்டரோடு ஓர் இரவு உள்ளே படுத்துப் பார்க்கட்டும்.

ஆனால் கதவு, சன்னல், மர அலமாரி, அடுப்பு இவற்றில் கை வைக்க மாட்டேன். இங்கே பலர் உள்ளே இருப்பதை முழுக்கப் பிடுங்கி எறிந்துவிட்டு, வெள்ளை பெயிண்டும் கல் மேடையுமாக ஆக்கிவிடுகிறார்கள். பார்த்தால் புதுக் கல்யாண மண்டபத்து மணமகள் அறை மாதிரி இருக்கும். கல் மேடை ஏற்றினால் எடை என்னாகும் என்று யோசிப்பதில்லை. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் முன் கொக்கியில் இறங்க வேண்டும், பதினைந்து சதவீதத்தைத் தாண்டவும் கூடாது. பாரம் பின்னால் போனால் வேகத்தில் வண்டி வாலாட்ட ஆரம்பிக்கும், இழுக்கிற காரையும் சேர்த்துச் சுழற்றும்.

ரிவெட் அடிக்கிறதைச் சொன்னால் சந்தோஷப்படுவீர்கள். வெளியே நான் காற்றுத் துப்பாக்கியோடு, உள்ளே உங்கள் பேத்தி டாலிக் கட்டையோடு. பதின்மூன்று வயதில் அவளுக்கு அதற்கான பொறுமை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, நிச்சயம் என்னிடமிருந்து இல்லை. எங்களுக்குள் ஒரு கணக்கு: அவள் தகட்டில் ஒரு தட்டு தட்டினால் சரி, இரண்டு தட்டினால் இன்னும் கொஞ்சம் அடி, மூன்று என்றால் கழற்றிவிட்டுப் புதுசு போடு. ரிவெட்டின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு உள்ளே நீட்டியிருக்க வேண்டும். அடித்த பிறகு உள் தலை ஒன்றரை மடங்கு அகலமும் அரை மடங்கு உயரமுமாக உட்கார வேண்டும். அவள் ஒரு அளவுத் தகடு வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் பார்க்கிறாள், பாதிக்கு மேல் என் குற்றம் என்கிறாள். இருவருமே காதடைப்பு போட்டுக்கொள்கிறோம், மாமா. உங்கள் காலத்தில் யாரும் அதைப் பற்றிச் சொல்லவில்லை.

எல்லோரும் கேட்பது பாலிஷ் எப்போது என்றுதான். அது கடைசி. இந்தத் தகட்டின் மேல் தொழிற்சாலையிலேயே நிறமில்லாத ஒரு பூச்சு அடித்து விட்டிருந்தார்கள். இப்போது அது செதில் செதிலாக உரிகிறது. அதை முழுக்க எடுத்த பிறகுதான் கம்பளி வட்டைப் போட முடியும். கண்ணாடி போல் மினுங்கவிட்டுத் தரையை இற்ற மரத்தில் விட்டுவைத்த வண்டிகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அவற்றுக்கு என்னுடையதைவிட இரண்டு மடங்கு விலை கேட்கிறார்கள்.

இனி உங்களிடம் கேட்க வேண்டியது. வண்டியின் பின்பக்கம், இடது கீழ் மூலை. இரண்டு பக்கமும் வளைந்து கூடுகிற இடம் அது. யாரோ பின்னெடுக்கும்போது மரத்தில் மோதியிருக்கிறார்கள், தகடு கிழிந்து மடிந்துவிட்டது. மேலே ஒரு ஒட்டுத் தகடு வைத்து ரிவெட் அடித்து மூடலாம் என்கிறார்கள். உடைத்த வண்டியிலிருந்து அந்தத் துண்டை வாங்கலாம், ஆனால் இந்த வளைவுக்குப் பொருந்துவது சுலபத்தில் கிடைப்பதில்லை. எனக்கு நானே அடித்துப் பார்க்க ஆசை.

பத்தாவது லீவில் நான் பட்டறையில் உட்கார்ந்திருந்தபோது பஸ்ஸின் முன்முகட்டு மூலையை நீங்கள் அடித்தது ஞாபகம் இருக்கிறது. மண் மூட்டை, மரச் சுத்தி. தகட்டில் சோப்பைத் தேய்ப்பீர்கள், அடியில் நெருப்புக் காட்டுவீர்கள், சோப்பு கறுத்ததும் எடுத்துவிடுவீர்கள். அப்புறம் தகடு துணி போலப் பணியும். சோப்பு ஏன் என்று அப்போது கேட்கவில்லை. அலுமினியம் சூடானால் இரும்பைப் போல் சிவந்து காட்டாது, ஒரு கணத்தில் ஒழுகிவிடும், சோப்பு கறுப்பதுதான் அடையாளம் என்று இப்போதுதான் புரிகிறது. புரியாதது இது: கறுத்தவுடனே தண்ணீர் ஊற்றுவீர்களா, காற்றில் ஆறவிடுவீர்களா? அடி நடுவிலிருந்து விளிம்புக்கா, விளிம்பிலிருந்து நடுவுக்கா? தகடு மறுபடி விறைக்கிறது என்பதைக் கை எப்படிக் கண்டுபிடிக்கும்? பழைய தகடு விமானக் கலவை, சூடு காட்டினால் அதன் பலம் போய்விடும் என்பதால் அதைத் தொடவில்லை. இந்தத் துண்டுக்கு மட்டும் சாதாரண மிருதுவான தகடு வாங்கி வைத்திருக்கிறேன், மூன்று துண்டு கெட்டாலும் பரவாயில்லை.

எழுதிச் சொல்ல முடியாது என்பீர்கள். அதனால் கார்த்தியிடம் சொல்லி வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். பட்டறைக்குப் போக வேண்டாம், வீட்டு முற்றத்தில் ஒரு சின்னத் துண்டை வைத்து அடித்துக் காட்டினால் போதும். இந்த மாதக் கடைசிக்குள் வந்தால் நல்லது. நவம்பர் வந்தால் இங்கே குளிரில் சீலன்ட் இறுகாது, அப்புறம் ஏப்ரல்தான்.

அத்தைக்கு என் வணக்கம். பேத்தி தனியாக உங்களுக்கு ஒரு படம் அனுப்புகிறாள், அதில் அவள் அடித்த வரிசையையும் நான் அடித்த வரிசையையும் குறித்திருக்கிறாளாம். அவள் பக்கம் சேர்ந்துவிடாதீர்கள்.

உங்கள் மருமகன்,
சிவா

பி.கு.: தகட்டின் கனம் கேட்பீர்கள். இங்கே அலுமினியத்துக்கு இதை 20 கேஜ் என்கிறார்கள், நம் ஊர்க் கணக்கில் அது 21 கேஜ். கார்த்தி கடையில் குழம்பினால் 0.8 மில்லி என்று சொல்லச் சொல்லுங்கள்.